ஈசானிய மூலைக்குப் போன தண்ணீர்

அக்டோபர் 9, வியாழன்

காலையில் தூறல். நேற்று சாயந்திரம் நல்ல மழை. புது வீட்டு வாசலில் சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. கிராவல் கொட்டி ரோட்டைவிட மூன்றடி உயர்த்தி, வாஸ்துக்காரர் சொன்னபடி ஈசானிய மூலைக்குச் சரிவாக வாட்டம் கொடுத்துத் தளம் போட்டது வீண் போகவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு நகராட்சிக் கடிதம். என் மனைத் தண்ணீர் பக்கத்து மனைக்குள் போவதாகப் புகார். சனிக்கிழமை பார்க்க வருகிறார்களாம்.

பக்கத்து மனை சம்பூர்ணத்தின் விசைத்தறி ஷெட். நான்கு தறி. நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல் மனு எழுதிப் போட்டிருக்கிறாள். எரிச்சல்.

வாங்க: வெல்டிங் ராடு (என் லாரி பாடி பட்டறைக்கு). துவரம்பருப்பு, கடுகு, சீயக்காய் (வசந்தா கொடுத்த சீட்டு. ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு கோடு போடுவாள் என் வீட்டம்மா. பள்ளிக்கூடப் பழக்கம்).

அக்டோபர் 11, சனி

வெயில். ஓவர்சியர் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். காபி கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். காபியைக் குடித்தார். சரியாகவில்லை.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். "அசையாமப் புடிங்கண்ணா." பிறகு நடு வாசலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி அது ஈசானிய மூலைக்கு ஓடி, சுவர் ஓட்டை வழியே அந்தப் பக்கம் போனது. லாரி பாடியில் நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன் நான். வாட்டத்தைப் பார்த்தேன், அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்கவில்லை.

"உங்க மனையில பெய்யற மழ உங்க மனைக்குள்ளயே எறங்கோணுங்கண்ணா. மிஞ்சுனது ரோட்டுக் காவாய்க்கு. அடுத்தவங்க ஊட்டுக்கு உடக் கூடாது. இதுதானுங்க ரூல்."

"வாஸ்து மாத்த முடியாதுங்களே." தளத்தை உடைக்கச் சொல்வாரோ என்று பயம்.

அவர் சிரிக்கவில்லை. மூலையில் வற்றிக் கிடக்கும் போர்வெல்லைப் பார்த்தார். "மாத்த வேண்டாமுங்க. ஈசானியத்துக்கே வரட்டும். அந்தப் பக்கம் போக வேண்டாம், கீழ போகட்டும். ஓட்டைய அடைச்சுட்டு, போர் பக்கத்துல உறிஞ்சு குழி. மிஞ்சுனா சுவரோரமா பைப்புல ரோட்டுக்கு. மூணடி ஒசத்தி வெச்சிருக்கீங்களே, அது இதுக்காச்சும் ஆகட்டும்."

என்ன மூளை! என் நம்பிக்கையையும் நோகடிக்கவில்லை, சட்டத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு ஷெட்டுக்குப் போனோம். தரையெல்லாம் ஈரம். மோட்டார்களுக்கு அடியில் செங்கல். நனைந்து வீணான ஒரு பாவு நூல் உருளை மூலையில். பார்க்கச் சங்கடம்.

"மழ வந்தாவே தறிய நிறுத்திப்போடறோமுங்க," என்றாள் சம்பூர்ணம். "இன்னொருக்கா தண்ணி ஏறுச்சுன்னா மோட்டார் போயிருமுங்க."

"அதுக்கு எங்கிட்டச் சொல்லாம நேரா மனுப் போட்டுட்ட?"

விழித்தாள். "நானெங்கீங்கண்ணா போட்டேன்? இப்பத்தான் பால் காச்சிக் குடி வந்திருக்கீங்க, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டனுங்க."

ஓவர்சியர் ஃபைலைத் திறந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மேலே மனு. ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு கோடு.

அக்டோபர் 12, ஞாயிறு

வசந்தாவிடம் கேட்டேன். தோசையைத் திருப்பிக்கொண்டே பதில்: "ரெண்டு தடவ சொன்னனுங்க. வாஸ்துக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்னீங்க. செரி, தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லலாம்னு போனேன்."

சொன்னது ஞாபகம் வந்தது. வெட்கம். தன் வீட்டின் மேல் தானே புகார் கொடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

மேகமூட்டம். குழி முடிந்தது. கருங்கல், ஜல்லி, மேலே மணல். பைப்பும் போட்டாயிற்று. சுவர் ஓட்டையை நானே அடைத்தேன். பூச்சு கொஞ்சம் கோணல்.

அக்டோபர் 17, வெள்ளி

நாலு மணிக்குப் பிடித்தது பேய் மழை. வசந்தாவும் நானும் ஒரே குடையில் ஈசானிய மூலையில். தண்ணீர் வருகிறது, குழி குடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் பைப்பிலும் ஓட்டம். ரோட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன், காவாயில் விழுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன கதியோ தெரியவில்லை. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.

வசந்தா சுவரில் காதை வைத்தாள். "ஏனுங்க, இங்க வாங்க."

நானும் வைத்தேன். நான்கு தறியும் ஓடுகிறது.