சாப்பிட்டதற்குச் சாட்சி

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

மாமல்லபுரம் பக்கத்து இந்தப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் செய்தி எழுதக் கற்றுத் தருகிறேன். “யார் சொன்னாலும் விசாரித்த பிறகே எழுது” என்கிறது திரையில் ஓடும் வீடியோ பாடம்.

நேற்று மதியம் பள்ளியிலிருந்து போனில் உன்னிடம் “சாப்பிட்டுவிட்டேன்” என்றேன் அல்லவா? அதைக் கேட்ட மாணவி ஷீலா நோட்டோடு வந்து நின்றாள்.

“மிஸ், நீங்க டிபன் பாக்ஸே எடுத்துகினு வரல. அம்மாகிட்ட இன்னாத்துக்குப் பொய் சொன்னீங்க?”

சிரித்துச் சமாளித்தேன். இன்று அவள் வீட்டிலிருந்து எனக்குச் சங்கரா மீன் குழம்பு வந்தது. ருசிதான், ஆனால் உன் கைப்பக்குவம் இல்லை. குழம்புப் பொடி அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா.

மணி அடித்துவிட்டது. இன்று வயிறாரச் சாப்பிட்டேன், அம்மா. சந்தேகம் இருந்தால் ஷீலாவிடம் விசாரி.

உன் தமயந்தி