சின்னத் தட்டின் விளிம்பு

மார்ச் 4
நான் வடிவமைத்த புது ஆன்டெனா இன்று அளவுக்கூடத்துக்குப் போயிற்று. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் கிண்ணம், அதன் முன்னால் உள்ளங்கையை விடச் சிறிய தட்டு. கிண்ணத்தின் நடுவிலிருந்து கிளம்பும் அலை சின்னத் தட்டில் பட்டுக் கிண்ணத்துக்குத் திரும்பி, அங்கிருந்து வெளியே போக வேண்டும். அளப்பவர் என் வீட்டுக்காரர். வழக்கம்போல், எவ்வளவு சக்தி வெளியே போகும் என்று என் கணக்கில் வந்த எண்ணைச் சீட்டில் எழுதி நீட்டினேன்.
“இது வரணும்.”
“வந்தா வரும்.”

மார்ச் 5
வரவில்லை. பாதி சக்தியைக் காணோம். அளந்ததில்தான் தப்பு என்றேன். “கூடம் சரியாத்தான் இருக்கு, உன் கணக்கைப் பாரு” என்கிறார். என் கணக்கையா?

மார்ச் 6
சாப்பாட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். மனுஷன் தானே உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு எழுந்தார்.

மார்ச் 9
சக்தி ஏன் குறைகிறது என்று மேலாளர் கேட்டார். கோளாறு கூடத்தில்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 10
அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். என்னால்தான். “பரவால்ல விடு” என்கிறார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் — தாங்கியிருப்பேன்.

மார்ச் 13
ஒரே யோசனை. அலை நேர்கோட்டில் போகும் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டேன். இத்தனை வருஷமாக நான் வடிவமைத்த பெரிய கிண்ணங்களுக்கு அது போதும். இந்தச் சின்னத் தட்டின் அகலமோ ஐந்து அலைநீளம்கூட இல்லை. அலை அதன் விளிம்பில் வளைந்து, கிண்ணத்தில் படாமல் வெளியே சிந்தாதா? விளிம்பு விளைவு. கல்லூரிப் பாடம். கண்ணை எங்கே வைத்திருந்தேன்?

மார்ச் 14
விளிம்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். அவர் அளந்த எண் அப்படியே வந்து நிற்கிறது. வெட்கமாக இருக்கிறது. அவரிடம் சொன்னேன். “சரி, மேலாளர்கிட்டயும் சொல்லு” என்றார்.

மார்ச் 16
சொன்னேன். “வீட்டுக்காரரைக் காப்பாத்தத்தான் இந்தப் புதுக் கணக்கா?” என்று கேட்டார் மேலாளர்.
“வெளியே கொடுத்து அளந்து பாருங்க சார். நான் சொல்றது தப்புன்னா என்னையும் கிடங்குக்கு அனுப்பிடுங்க.”

மார்ச் 27
வெளி ஆய்வகத்தின் அளவு வந்தது. அதே பாதி. “உங்க வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துடுங்க” என்று மேலாளர் கூடத்துச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 8
தட்டைச் சற்றுப் பெரிதாக்கி, விளிம்பை மாற்றிச் செய்து, கூடத்துக்கு நானே எடுத்துப் போனேன். அவர் பொருத்தி முடித்துவிட்டுக் கையை நீட்டினார்.
“சீட்டு எங்க?”
“எழுதல. நீங்க அளந்து சொல்லுங்க.”
அவர் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டார்.