அண்ணையிடம் ஆங்கிலத்தில் சொன்னது

‘எதிர்ப்பது’ என்று மட்டும் எழுதினால் போதாது, அம்மா. நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகில், எண்ணெய்ப் புகைக்கு நடுவே மாணவர்களின் ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘கோ எகெய்ன்ஸ்ட்’ என்பதற்கு எல்லோரும் அந்த ஒரு பொருளைத்தான் எழுதியிருந்தார்கள்.

சரவணை ஊரில் எங்கள் வீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது. நீங்கள் தேங்காய் துருவுகிறீர்கள். நான் பரீட்சைக்கு அதன் பொருள்களைச் சத்தமாகப் பாடமாக்குகிறேன். ஒருவர் சொல்லை மீறி நடப்பது. ஒரு செயல் மனத்துக்கு ஒவ்வாதிருப்பது. தீர்ப்பு ஒருவருக்குப் பாதகமாக முடிவது.

“மூண்டுக்கும் ஒரே சொல்லோ? வெள்ளைக்காரன் நல்ல சிக்கனக்காரன்” என்றீர்கள்.

அந்தக் கிழமையே லண்டனிலிருந்து மாமா அழைத்தார். எனக்குக் கனடாவில் மாப்பிள்ளை பார்த்துவிட்டாராம். இனிப் படிப்பு வேண்டாமாம். அப்பா போனபிறகு எங்களைத் தாங்கியவர். எங்கள் குடும்பத்தில் மூத்த அண்ணன் ஒன்றைச் சொன்னால் தங்கை ‘ஓம் அண்ணை’ என்பாள். நீங்களும் அதுவரை வேறொன்று சொன்னதில்லை.

“அண்ணை, அவள் கம்பசுக்குப் போகட்டுமே...”

மாமா அதட்டினார். உங்கள் தமிழ் அங்கேயே நின்றுவிட்டது. துருவுபலகையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள்.

“ஐ கோ எகெய்ன்ஸ்ட் யூ, அண்ணை.”

மாமா சிரித்தது எனக்கும் கேட்டது. “ஆர் சொல்லித் தந்தது? உன்ரை மோளோ?”

“ஓம். அதுக்குத்தான் அவளைப் படிப்பிக்கிறன்.”

அழைப்பு அறுந்தது. ஆங்கிலத்தில் யாரும் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வதில்லை. நான் திருத்தவில்லை.

நான் பல்கலைக்கழகம் போனேன். மாமா பிறகு அழைக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கதிரையின் கைப்பிடியில் வைத்துக்கொண்டு இருப்பீர்கள்.

“நீங்கள் அவருக்குப் போன் எடுங்கோவன், அம்மா.”

“அவர் மூத்தவர், பிள்ளை. அவர்தான் எடுக்கோணும்.”

மறுத்ததற்காக நீங்கள் ஒருநாளும் வருந்தவில்லை. காத்திருப்பதையும் விடவில்லை. உங்கள் செத்தவீட்டுக்கும் அவர் வரவில்லை. நான் பாடமாக்கிய மூன்றாவது பொருள், பாதகமான தீர்ப்பு, உங்கள் பக்கம் வந்து விழுந்தது.

உங்களைப்போல மறுக்க எனக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தில் அதைத்தானே பழகினோம். மறுத்த அதே மூச்சில் ‘அண்ணை’ என்று சொல்ல அங்கே யாரும் பழக்கவில்லை. அதை உங்களிடமிருந்துதான் பெற்று வைத்திருக்கிறேன்.

குறிகட்டுவான் துறையில் இறங்கியதும் மாமாவுக்கு அழைத்தேன். எடுத்தார்.

“நான்தான் மாமா, உங்கடை தங்கச்சியின்ரை மகள்” என்றேன். “காலமை சாப்பிட்டியளோ?” என்று கேட்டேன்.