கஸ்தூரி தானே அழுத்திய பொத்தான்

என் செல்லச் சரோஜா அக்காவுக்கு,

போன வாரம் நம் பள்ளிக்கூடத்தில் உன் பேரைச் சொல்லிக் கைதட்டினார்கள். கல்வி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மாணவிகள் தங்கள் இலக்கைத் தாங்களே வைத்துக்கொண்டு படிக்க வேண்டும், டேப் ரிகார்டர் மாதிரிக் கருவிகள் அதற்குத் துணையாக வேண்டும் என்றெல்லாம் பேசினார். இதை இங்கே முதலில் செய்தவர் காலஞ்சென்ற சரோஜா டீச்சர் என்றார். எல்லாரும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. யாராவது திடீரென்று நல்லது சொன்னால் எனக்கு முதுகு கூசும், உனக்குத் தெரியாதா?

அன்றைக்கு இவர்களில் யார் உன் பக்கம் நின்றார்கள்?

அந்த டேப் ரிகார்டர் வந்த புதிதில், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்று பயந்து தலைமையாசிரியை அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். நீ கேட்டுக் கேட்டு வெளியே கொண்டுவந்தாய். பதினோராம் வகுப்புப் பெண்கள் திங்கட்கிழமை ஒவ்வொருத்தியாக உள்ளே போய், இந்த வாரம் எதைத் தானாகக் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்று தனக்கென்று உள்ள டேப்பில் பதிவு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, முடிந்ததா இல்லையா என்று அதிலேயே சொல்ல வேண்டும். அவளாகக் கூப்பிட்டால் ஒழிய நீ கேட்க மாட்டாய். வராந்தாவில் உட்கார்ந்து கட்டுரை திருத்திக்கொண்டிருப்பாய்.

எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. வாத்தியார் காதில் விழாத பாடம் என்ன பாடம்? பெட்டிக்குள் எதையாவது உளறிவிட்டு வந்து சிரிக்க மாட்டார்களா? உன்னிடமே கேட்டேன்.

"சிரிக்கட்டுமே மல்லிகா. தன் குரலத் தானே கேட்டா ரெண்டு வாரத்துல சிரிப்பு நின்னுடும்" என்றாய்.

திருப்புட்குழியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த கஸ்தூரியை நினைவிருக்கிறதா? என் வடிவியல் வகுப்பில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்தே எழுதுகிறவள், டேப்பில் பேச ஆரம்பித்த பிறகு திடீரென்று பார்ப்பதை நிறுத்தினாள். நோட்ஸ் எதையோ வைத்துக்கொண்டு காப்பியடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு ஒன்றை உண்டாக்கி, அவளைக் கரும்பலகையில் நிறுத்தினேன். தப்பாகப் போட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பாதியை அழித்துவிட்டு, தன் தப்பு எங்கே என்று தானே தேட ஆரம்பித்தாள். கண்டுபிடித்தும் விட்டாள். அப்போதும், நீ முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பாயோ என்றுதான் எனக்குத் தோன்றியது. எனக்கே அன்று காலையில் தோன்றிய கணக்கை நீ எப்படிச் சொல்லியிருக்க முடியும்?

அரைப் பரீட்சை சமயத்தில் அவள் அப்பா கன்னியப்பன் வந்தார். நிலபுலம் உள்ளவர், கட்சிக்காரர், தலைமையாசிரியையே எழுந்து நின்றார்.

"எம் பொண்ணு வாராவாரம் பெட்டிக்குள்ள என்னமோ பேசிக்கினு இருக்குதாமே. அதை நான் கேக்கணும்."

தலைமையாசிரியை உடனே போடச் சொன்னார். நீ அசையவில்லை. "அது கஸ்தூரி பேசினது. அவ சம்மதிச்சா அவளே போடட்டும்" என்றாய். பெற்ற அப்பனுக்கு யாரம்மா அனுமதி கொடுப்பது என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. காதல் கீதல் என்று ஏதோ வெளியே வரப்போகிறது என்றே நான் நினைத்தேன். கஸ்தூரியைக் கூப்பிட்டார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள்.

"இந்த வாரம் அப்பாகிட்ட கேக்கணும். பரீட்சை முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்னு." கொஞ்சம் இரைச்சல். பிறகு வெள்ளிக்கிழமைக் குரல்: "கேக்கலை. பயமா இருந்துச்சு. அடுத்த வாரம் கேக்கறேன்."

அடுத்த வாரமும் அதே இலக்கு. அதற்கடுத்த வாரமும்.

கன்னியப்பன் உன்னைப் பார்த்து, "இதை யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"யாரும் இல்லப்பா. டீச்சர் இதைக் கேட்டதே இல்ல" என்றாள் கஸ்தூரி.

நிஜமாகவே கேட்டதில்லையா அக்கா? ஒரு தடவைகூட? இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்காமலே விட்ட கேள்வி இது.

கன்னியப்பன் அவளைக் கையோடு கூட்டிப் போனார். ஒரு வாரம் அவள் வரவில்லை. அப்புறம் அவரே சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பரீட்சை எழுதினாள், தேறினாள், அதற்குப் பிறகே கல்யாணம். டேப் ரிகார்டர் பீரோவுக்குத் திரும்பியது. உன்னை ஆறாம் வகுப்புக்குத் தள்ளினார்கள். கன்னியப்பன் காதில் டேப் ரிகார்டர் சேதியைப் போட்டது நம் டீச்சர்களில் ஒருத்தி என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உன் இரங்கல் கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவள் அவள்தான்.

கஸ்தூரி இப்போது ஓரிக்கையில் இருக்கிறாள். இடுப்பில் குழந்தையோடு தபால் வழியில் மேலே படிக்கிறாளாம். நம்பாமல் அவள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஓரமெல்லாம் கேள்விகள், அவள் கையெழுத்தில். சிலவற்றுக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

அதிகாரியின் திட்டத்துக்கு வருகிறேன். பெண்கள் பேசியதையெல்லாம் ஆசிரியர் கேட்டு மதிப்பெண் போட வேண்டுமாம். டேப்பைப் பத்திரப்படுத்த வேண்டுமாம். உன் தங்கை என்பதால் பொறுப்பு எனக்கு. வெள்ளிக்கிழமை அவரவர் பதிவை அவரவரே அழித்துவிடுவதாக இருந்தால் செய்கிறேன் என்றேன்.

"அப்புறம் படிச்சாங்களா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

"அதுக்குத்தான் சார் நான் பரீட்சை வெக்கறேன்" என்றேன்.

முகம் கோணினாலும் சரி என்றிருக்கிறார். எத்தனை நாளைக்கோ.

இன்று காலை முதல் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வராந்தாவில் உன்னை மாதிரி என்னால் உட்கார முடியவில்லை, காது கதவுப் பக்கமே போயிற்று. எழுந்து விளையாட்டு மைதானத்தின் கோடிக்குப் போய் வெயிலில் நின்றேன். இனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் அங்கேதான் நிற்பேன். இந்தப் பெண்களை நான் நம்புகிறேனா என்று மட்டும் கேட்காதே. ஒட்டுக்கேட்க மாட்டேன் அக்கா. இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தும் உன் குணம் வாய்க்காத தங்கை,
மல்லிகா