பள்ளத்து எட்டு மரங்களும் மேட்டுப் பழங்களும்

அனுப்புநர்:
எவரிஸ்தோ பாலோமினோ,
ஒசூனா ஆரஞ்சுத் தோட்டம்,
கால்வாய்ச் சாலை, சான் தெல்மோ,
கலிஃபோர்னியா.

பெறுநர்:
மாவட்ட வேளாண் ஆணையர் அவர்கள்,
சான் தெல்மோ.

பொருள்: உறைபனி பட்டதாக நிறுத்தி வைத்த ஆரஞ்சுப் பழங்களை மறுபடி அறுத்துப் பார்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் பனி விழும் என்று கிறிஸ்துமஸுக்கு முன்பே சொன்னவன் நான். வானொலிக்காரர் சொன்னது அதற்குப் பதினோரு நாள் கழித்து. அவருக்குக் கருவிகள், எனக்கு இடது முழங்கால். முந்தைய பெரும்பனியையும் இதே முழங்கால்தான் அறிவித்தது. அப்போது ஆளுநரே ஆள் அனுப்பி விசாரித்தார்.

2. தோட்டம் என் அக்காள் மகள் கிரிசெல்டாவுடையது. பனி இறங்கியபோது குளிர்காற்றைக் கலைக்கும் பெரிய காற்றாடிகளை ஓட்டி, வாய்க்காலில் தண்ணீர் விட்டு, விடியும்வரை போராடினாள். நான் மேற்பார்வை பார்த்தேன். மேட்டுப் பழங்கள் தப்பின.

3. ஐந்தாம் நாள் தங்கள் ஆய்வாளர் செல்வி ஹால்வர்சன் கத்தியோடு வந்தார். தாமாகவே நேராகப் பம்பு அறைக்குப் பின்னாலுள்ள பள்ளத்துக்குப் போனார். குளிர்காற்றும் தண்ணீர் மாதிரிதான், பள்ளம் பார்த்துத் தேங்கும். அங்கே நிற்பவை எட்டே மரங்கள். பழங்களைக் குறுக்கே அறுத்தார். சுளைத் தோலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், பழம் உறைந்ததன் அடையாளம். அதை வைத்துப் பன்னிரண்டு ஏக்கருக்கும் தடைச் சீட்டு ஒட்டிவிட்டார். ஒருவன் காலில் முள் குத்தினால் ஊருக்கே கட்டுப் போடலாமா?

4. மேட்டில் நானே இருநூறு பழம் அறுத்தேன். (நாற்பது என்பாள் கிரிசெல்டா.) ஒன்றிலும் புள்ளி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் பறிக்காவிட்டால் பழக்கிடங்கில் எங்கள் முறை போய்விடும். அடுத்த பனி சனிக்கிழமை. இது முழங்கால் கணக்கு. ஆண்டுக்கு ஒரே விளைச்சல், அவளுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

ஆகவே வெள்ளிக்கு முன் மேட்டு வரிசைகளிலும் பழம் எடுத்து அறுத்துப் பார்க்க உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். ஆய்வாளர் வரும் அன்று நான் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டேன்.

இடம்: சான் தெல்மோ
நாள்: ஜனவரி 14

இப்படிக்கு,
எவரிஸ்தோ பாலோமினோ

பின்குறிப்பு: தட்டச்சு செய்த கிரிசெல்டா மூன்றாம் பத்தியில் கையை எடுத்துவிட்டாள். "மாமா, அந்தப் பொண்ணு மேட்டுப் பக்கந்தான் போய்க்கிட்டிருந்தா. 'நான் சொன்ன பனி எப்படி அடிச்சிருக்கு பாருங்க'ன்னு பள்ளத்துக்குக் கூட்டிட்டுப் போயி, அவ நேரம் முடியிற வரைக்கும் விடாம பேசினது யாரு? அதை எழுதினாத்தான் இது தபாலுக்குப் போகும்" என்கிறாள். எனவே எழுதுகிறேன்: 'தாமாகவே' என்பது மட்டும் நான் சேர்த்தது. முழங்கால் உண்மை.