சிரிஞ்சில் மீந்ததை நீலக் கண்ணாடி வழியே பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வேதியியல் ஆசிரியர்,
மேல்நிலைப் பள்ளி.
(மருத்துவமனையில் இறந்தவரின் கணவர்)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
அரசு வேதிப் பகுப்பாய்வு ஆய்வகம்.

பொருள்: என் மனைவிக்குப் போட்ட ஊசிமருந்தின் மீதியைச் சோதித்ததில் ஒரு படி விடுபட்டது – மாதிரி அழிக்கப்படும் முன் மறுசோதனை வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வகம் காவல் நிலையத்துக்கு அனுப்பிய அறிக்கை, அதன் நகல் எனக்கும் கிடைத்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துபவன். உப்புப் பகுப்பாய்வை வருடா வருடம் நடத்தியதில் பிள்ளைகள் எனக்கு ‘உப்பு சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் மனைவியும் விடமாட்டாள். சமையலில் உப்பு கூடிப்போன நாளில், “எவ்வளவு கூடன்னு பகுத்துப் பாத்து எடுத்துடுங்க, உப்பு சார்” என்பாள். அவள் எப்படி இறந்தாள் என்பதை இன்று ஓர் உப்பில்தான் தேட வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்த மனு.

1. என் மனைவிக்குச் சிறுநீரகம் சற்றுப் பலவீனம். மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடுமாக நன்றாகவே இருந்தாள். காய்ச்சலும் வாந்தியும் வந்ததால் மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கிவிட்டது; மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவரே சொன்னார். அன்று காலை வாய் கசக்கிறது என்று மகளிடம் ஆரஞ்சுச் சாறு கேட்டிருக்கிறாள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பழச்சாறு ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மகள் மறுத்திருக்கிறாள். “ஒரு வாய்தான்டி. உங்கப்பாவுக்கு யாரு சொல்லப் போறா” என்று இவள் கெஞ்ச, மகள் பழம் பிழிந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டு மதியம்வரை பக்கத்துக் கட்டில்காரரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

2. மதியம் செவிலியர் வந்தார். கையில் குத்தி வைத்திருந்த டிரிப்ஸ் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சிரிஞ்சில் கொஞ்சம் உப்புநீர் ஏற்றுவார்கள். அந்த வேலைக்குத்தான் வந்தார். பாதி ஏற்றும்போதே, “சிஸ்டர், கை எரியுது” என்றாள் என் மனைவி. “கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, சரியாயிடும்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இவள் தலை சாய்ந்துவிட்டது. இதையெல்லாம் அருகில் நின்று பார்த்தவள் என் மகள். நான் அப்போது பள்ளியில் செய்முறை வகுப்பில் இருந்தேன். அந்தச் சிரிஞ்சில் மீந்த திரவம்தான் தங்கள் ஆய்வகத்துக்கு வந்த மாதிரி.

3. உப்புநீர் என்பது சோடியம் குளோரைடு. அது நரம்பில் ஏறினால் எரியாது. அந்த வார்டின் மருந்துத் தட்டில் சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் ஒரே அளவுப் பிளாஸ்டிக் குப்பிகளில் அருகருகே கிடந்ததை நானே பார்த்தேன். இரண்டும் நிறமற்றவை, கண்ணுக்கு வெறும் தண்ணீர். ஆனால் பொட்டாசியம் குளோரைடை நீர்க்கச் செய்யாமல் நேரே நரம்பில் ஏற்றினால் கை எரியும், இதயமும் நின்றுவிடும். என் மனைவியின் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்திருந்தது என்று மருத்துவமனையே எழுதித் தந்திருக்கிறது.

ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்களிடம் சுலபமான பதில் இருக்கிறது. “வெளியிலருந்து ஏதாவது குடுத்தீங்களா?” என்று மருத்துவர் கேட்டார். “நான்தான் ஜூஸ் குடுத்தேன்” என்றாள் என் மகள். அத்தோடு விசாரணை முடிந்தது.

ஐயா, அயனிக்கு ஊரும் பேரும் கிடையாது. பழத்தில் இருப்பதும் அதே பொட்டாசியம் அயனி, குப்பியில் இருப்பதும் அதே. சாறு குடலில் இறங்கி மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும்; ஊசியோ நொடியில் இதயத்துக்குப் போய்விடும். இதை நான் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், மனைவியை இழந்தவன் பேசுகிறான் என்று கேட்டுக்கொள்கிறார்களே தவிர, எழுதிக்கொள்வதில்லை. இனி சாட்சி சொல்லக்கூடியது அந்தச் சிரிஞ்சு ஒன்றுதான்.

4. தங்கள் அறிக்கை சொல்வது: வெள்ளி நைட்ரேட் சேர்த்ததும் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வந்தது, அம்மோனியாவில் கரைந்தது, ஆகவே குளோரைடு. சுடரில் காட்டியதும் பொன்மஞ்சள் தெரிந்தது, ஆகவே சோடியம். முடிவு: சாதாரண உப்புநீர்.

பார்த்தவை எல்லாம் சரி. முடிவுதான் சரியில்லை. உப்பு தண்ணீரில் கரைந்தவுடன் அதன் அயனிகள் தனித்தனியே பிரிந்துவிடும். வெள்ளி போய்ப் பிடிப்பது குளோரைடை மட்டுமே. அதன் ஜோடி யார் என்று அது கேட்பதில்லை. மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுப் பெண் இன்னார் வீட்டுப் பெண் என்று எப்படிச் சொல்வது? சோடியமோ எங்கும் இருப்பது. விரல் வியர்வையில் இருக்கிறது, கண்ணாடிக் குழாயில் இருக்கிறது, டிரிப்ஸ் குழாயில் முன்பே ஓடிய உப்புநீரிலும் இருக்கிறது. அது துளி இருந்தாலே சுடர் மஞ்சளாகிவிடும். கூடவே பொட்டாசியம் எவ்வளவு இருந்தாலும் அதன் மெல்லிய ஊதா அந்த மஞ்சளுக்குள் மறைந்துபோகும். அதனால்தான் சுடரைக் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியே இன்னொரு முறை பார்க்கிறோம். கண்ணாடி மஞ்சளை விழுங்கிவிடும். பொட்டாசியம் இருந்தால் ஊதா தெரியும். இந்தப் படி தங்கள் அறிக்கையில் இல்லை.

5. இதைக் கேட்க ஆய்வகத்துக்கு நேரில் வந்தேன். சோடியம், பொட்டாசியம் இரண்டையும் தனித்தனியே அளக்கும் கருவியின் மேல் ‘பழுது’ என்று எழுதி ஒட்டியிருந்தது. “மிஷின் ரிப்பேர் சார், இருக்கறத வெச்சுப் பாத்தோம்” என்றார் பகுப்பாய்வாளர். நீலக் கண்ணாடியில் பார்த்தீர்களா என்றேன். “அதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்கறது சார். மஞ்சள் வந்தா சோடியம், அவ்வளவுதான்” என்றார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதுதான், அவரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுத்தானே வந்திருப்பார்? கோபத்தில் வந்துவிட்ட வரி இது. அதை அடித்துவிட மனமில்லை, பொறுத்தருள்க.

6. என் மகளைப் பற்றி எழுதாமல் இந்த மனு முடியாது. அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பழக்கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறாள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “அப்பா, ஒரு ஆரஞ்சுல எவ்வளவு பொட்டாசியம் இருக்கும்?” என்று கேட்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல்வது வாத்தியார் புத்தி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவ எழுந்துபோனாள். அன்றிலிருந்து என்னிடமும் பேச்சு இல்லை. மனைவி போனதை எப்படியாவது தாங்கிக்கொள்வேன், ஐயா. இந்தப் பெண் என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருப்பதைத் தாங்க எனக்குச் சக்தி இல்லை.

7. யாரையும் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தச் செவிலியருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். உப்புநீர்தான் எடுத்தேன் என்று அவர் அழுதுகொண்டே சொன்னபோது நம்பித்தான் சொன்னார். ஒரே மாதிரிக் குப்பிகளை ஒரே தட்டில் போட்டு வைத்தவர்கள் வேறு யாரோ. அவற்றைப் பிரித்து வைக்கச் சொல்லித் தாங்கள் ஒரு வரி எழுதினால் இன்னொரு வீடு பிழைக்கும்.

8. கோப்பு மூடப்பட்டுவிட்டதால் மீதி மாதிரி இந்த மாதக் கடைசியில் அழிக்கப்படும் என்று தங்கள் அலுவலகக் கடிதம் சொல்கிறது. அது சில சொட்டுகள்தான் இருக்கும். தங்கள் வரையில் உப்புப் பெறாத பொருள். எங்கள் வீட்டில் இருவர் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே, அதை அழிக்காமல் நிறுத்திவைக்கவும், சுத்தமான கம்பியில் எடுத்து நீலக் கண்ணாடி வழியே மறுபடி பார்க்கவும், கருவி சரியானதும் அதிலும் அளந்து அறிக்கையைத் திருத்தித் தரவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சோதனையின்போது நான் ஓரமாக நிற்க அனுமதித்தால் போதும். வாய் திறக்க மாட்டேன்.

ஊதா தெரிந்தால், சுடரை அணைப்பதற்கு முன் வெளியே காத்திருக்கும் என் மகளை உள்ளே அழைத்து அந்தக் கண்ணாடியை அவள் கையில் கொடுக்க வேண்டும். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அவளே பார்க்கட்டும்.

ஒன்றும் தெரியாமல் போனால், அவளை அழைக்க வேண்டாம். எழுத்துப்பூர்வமான பதிலைப் பள்ளி முகவரிக்கு, என் பெயருக்கு மட்டும் அனுப்புங்கள். நம்பினாலும் நம்பாவிட்டாலும், வெளியே போய் அவளிடம், ஊதா தெரிந்தது என்று சொல்லிவிடுவேன். பார்க்காத நிறத்தைப் பார்த்ததாக எழுதிய ஒரு மாணவனைக்கூட இதுவரை நான் தேர்ச்சி பெற விட்டதில்லை, ஐயா.

இடம்: தங்கள் ஆய்வகப் பார்வையாளர் அறை
நாள்: பள்ளி விடுமுறையின் முதல் திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
வேதியியல் ஆசிரியர்