தண்ணீர் ஊற்றக் கூடாத கார்

முரசுமோட்டை
ஆடி 9, வியாழன்

அன்பு மகன் கோகுலனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் சாரங்காவும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க முறிகண்டிப் பிள்ளையாரை வேண்டுகிறோம். இங்கே நான் சுகம். அம்மாவின் சுகத்தைக் கிழமை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்து படுத்துவிடுவார், புதனும் சனியும் எழும்பிக் கோழிகளை ஏசுவார், பிறகு கால் வீங்கத் தொடங்கும். இன்று வியாழன், கால் வீங்கியிருக்கிறது, ஆனால் கோழிகளையும் ஏசுகிறார், ஆனபடியால் நீ பயப்பட ஒன்றுமில்லை. வயலில் இந்த முறை பாதிக்குத்தான் தண்ணீர் விட்டார்கள், விதைத்த பாதி பரவாயில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து, வெள்ளிக்கிழமை நிறை ஏன் அவ்வளவு கூடியது, தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னால் ஏன் கேட்பதில்லை என்று அம்மாவை ஏசினாய். அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நீ என்னிடம், கார் எஞ்சின் சூட்டைத் தணிக்க அனுப்பிய அந்தக் கூலன்ட் எப்படி வேலை செய்கிறது, உன் சிநேகிதன் செந்தூரன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இன்னும் ஐந்து லீற்றர் கொடுத்துவிடவா என்று கேட்டாய். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பது உனக்குத் தெரியாது. போனில் சொல்ல வெளிக்கிட்டால் நீ இடையில் புகுந்து எனக்குப் படிப்பிப்பாய், அதனால் எழுதுகிறேன். கடிதத்துக்குள் நீ குறுக்கே கதைக்க முடியாது.

முதலில் கூலன்டின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். செந்தூரன் பெட்டியைத் திறந்தபோது அயலட்டைப் பிள்ளைகள் எல்லாம் சொக்லேற் என்று கிட்ட வந்தார்கள், உள்ளே போர்வையில் சுற்றிய ஆறு கான் இருந்தது, பிள்ளைகள் போய்விட்டார்கள். அடுத்த நாளே பரந்தனில் தவராசாவின் கராஜுக்குக் கொண்டுபோனேன். பழைய தண்ணீர் ஒரு துளியும் மிஞ்சக் கூடாது என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவன் எல்லாவற்றையும் திறந்து விட்டு, காற்றடித்து, மூடிகளைக் கழற்றி ஒரு பகல் முழுவதும் காரை நெல்லுக் காயப்போடுவதுபோல வெயிலில் விட்டான். தண்ணீர் அப்படி என்ன குற்றம் செய்தது என்று கேட்டான். நீ எனக்குச் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன், தண்ணீர் நூறு பாகையில் கொதிக்கும், இது நூற்றெண்பதிலும் கொதிக்காது, கொதிக்காததால் உள்ளே அழுத்தம் ஏறாது, துருப்பிடிக்காது, உப்புப் படியாது, வருடக்கணக்கில் மாற்றத் தேவையில்லை என்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது உனக்குத் தெரியும், ராடியேற்றருக்குள்ளும் அதேதான், தவராசா சுரண்டிக் கையில் தந்தான். அம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் இதுதானா என்று டொக்டரிடம் கேட்டேன், அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். தவராசா உறுதியாகச் சொன்னான். மூன்று மாதம் கார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சூட்டு முள் மட்டும் முந்தி நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது, தண்ணீர் அளவுக்கு இது சூட்டை இழுக்காது, அது இயல்பு என்றாய், நானும் அதைப் பார்க்காமல் ஓடப் பழகினேன். நீ அனுப்பிய சிவப்பு ஸ்டிக்கரை, தண்ணீர் ஊற்றாதே என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை, மூடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். காருக்கு ஐந்து கான் போனது, ஆறாவதை யாரும் எடுத்துவிடாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

போன வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டியில் வழமைபோலத் தேங்காய் உடைத்தோம். மாங்குளம் தாண்டி, புளியங்குளம் வர இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது அம்மா, யாரோ சீனிப்பாகு காய்ச்சுகிறார்கள் என்றார். காட்டுக்குள் யார் பாகு காய்ச்சப்போகிறார்கள் என்று சிரித்துவிட்டு முள்ளைப் பார்த்தேன், அது மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நிறுத்திப் பொனற்றைத் திறந்தால் ஆவி இல்லை, சத்தம் இல்லை, கார் பார்வைக்கு நல்ல சுகமாக இருந்தது, கீழ் ஹோஸின் கிளிப் கழன்று உன்னுடைய கூலன்டில் பாதி றோட்டில் கிடந்தது. ஆறாவது கான் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. அலுமாரித் திறப்பு என் சேட்டுப் பைக்குள் இருந்தது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கட்டில், பிந்தினால் அடுத்தவருடைய முறை வந்துவிடும், பிறகு செவ்வாய் வரைக்கும் அந்த நீர் முழுவதும் அவருடைய உடம்புக்குள்தான். அது நெஞ்சுக்குள் ஏறினால் என்ன நடக்கும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் மிகவும் பயந்துபோனேன், அதை அம்மாவுக்குக் காட்டவில்லை.

எங்கள் றோட்டில் பொனற்றைத் திறந்து வைத்தால் போதும், கூப்பிடாமலே யாராவது தண்ணீரோடு வருவார்கள். முதலில் ஒரு லொறிக்காரப் பொடியன் இறங்கி ஒரு பெரிய போத்தலை நீட்டினான், வேண்டாம் என்றேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தினார், அவருக்கும் வேண்டாம் என்றேன். லொறியில் அம்மாவால் ஏற முடியாது, மோட்டார் சைக்கிளில் இருக்க முடியாது, இரண்டு பஸ் நிரம்பி வழிந்து நிற்காமலே போனது. நான் ஹோஸின் வெடித்த நுனியை வெட்டித் திரும்பக் கிளிப் போட்டுக்கொண்டிருக்க, றோட்டோர வீட்டிலிருந்து ஒரு பெரியவர் ஒரு கையில் வாளியும் மற்றக் கையில் செம்புமாக வந்தார். பெயர் மூக்கன், எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்து அந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய ஆள். வாளி காருக்கு, செம்பு எங்களுக்குக் குடிக்க. அவர் வாளியைத் தூக்க நான் பதறிப்போய்க் கையை நீட்டி மறித்து, தண்ணி வேண்டாம், இதில தண்ணி படக்கூடாது என்றேன். அவர் இரண்டு அடி பின்னுக்குப் போய் வாளியை நிலத்தில் வைத்தார். கோபம் ஒன்றும் இல்லை, நல்ல மரியாதையாகச் சொன்னார்: “பரவாயில்லைங்கய்யா. அந்தப் பக்கம் வேற ஆளுங்க வீடு இருக்கு. அவங்களைக் கொண்டாரச் சொல்றேன்.”

யார் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் கிளிப்பை முறுக்கினேன். உன் அப்பாவின் மண்டை அவ்வளவுதான். எனக்குக் கூலன்ட் ஒன்றுதான் தெரிந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டுப் பார்த்தால், அந்த வீங்கின காலோடு அம்மா இறங்கி நிற்கிறார். “அண்ணை, அந்தச் செம்பில எனக்குத் தண்ணி தாங்கோ” என்றார். உன் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு மூன்று கப். கோடு போட்ட பிளாஸ்டிக் கப்பில் அளந்து, வெயில் நாளில் ஐஸ்கட்டியாக்கி உறிஞ்சிக் கொண்டு சமாளிக்கிற மனுசி. அன்று விடியத்திலிருந்து ஒரு மிடறும் குடிக்கவில்லை. அந்தச் செம்பு மூன்று கப்பும் பிடிக்கும். அம்மா அதை வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல், வாயை வைத்து முழுவதையும் குடித்தார். மூக்கன் அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். குடித்து முடித்து வாயைத் துடைத்துவிட்டு என்னிடம், “இஞ்சாருங்கோ, வாளித் தண்ணியைக் காருக்கு ஊத்துங்கோ” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சூடு ஆறும்வரைக்கும் நான் மூக்கன் அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். இது மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பினது, தண்ணீரே இல்லாத கூலன்ட், இதற்குள் தண்ணீர் கலந்தால் பழுதாகிவிடும் என்று சொல்லச் சொல்ல, அந்த இடத்தில் கட்டின பொய்போல எனக்கே இருந்தது. ஸ்டிக்கரைக் காட்டினேன், அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தண்ணி இல்லாம எப்படிங்கய்யா வண்டி ஓடும் என்று மட்டும் கேட்டார். தன் கை பட்ட தண்ணீர் என்றுதான் நான் மறித்தேன் என்று அவர் நினைத்தது பிழைதான், ஆனால் அப்படி நினைக்க வைத்தது நாங்கள்தான். உனக்கு இதைச் சொன்னதில்லை. அப்பப்பா காலத்தில் களை பிடுங்க வருகிற மலைநாட்டுச் சனத்துக்கென்று வேலிக் கதிகாலில் தண்ணீர் குடிக்க ஒரு தகரப் பேணி கொழுவியிருக்கும், அதற்குள் கை படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியது நான்தான். பதினெட்டு வயது எனக்கு, ஒரு கூச்சமும் இருக்கவில்லை. பிறகு 2009 இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்து உடையார்கட்டில் எல்லாரும் ஒரே வரிசையில் வாளியோடு நின்றோம், யார் கை பட்ட தண்ணீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். மூக்கன் அண்ணை அப்படி நினைத்திருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது மகன், அதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வவுனியாவில் இருந்தோம். பாதி உன்னுடைய கூலன்ட், பாதி மூக்கன் அண்ணை வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், கார் ஒன்றும் சொல்லவில்லை, முள் மூன்று மாதமாக நின்ற இடத்தைவிடக் கீழே நின்றது. நேர்ஸ் பிள்ளை தராசைப் பார்த்துவிட்டு, என்னம்மா குடிச்சனீங்கள் என்று கேட்டாள். ஒரு செம்புத் தண்ணி என்றார் அம்மா. ஏன் என்று கேட்டதற்கு, தாகம் என்றார். உனக்குக் கிடைத்த நிறைக்கணக்கு அதுதான்.

இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கூலன்ட் நல்ல சாமான். ஒழுகாத புதுக் கார் வைத்திருக்கிறவருக்கு, அதே கான் பக்கத்துக் கடையில் வாங்கக்கூடிய ஊரில், அது நல்லாகவே வேலை செய்யும். பரந்தனுக்கும் வவுனியாவுக்கும் இடையில் எந்தக் கடையிலும் அது இல்லை, தண்ணீர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. முப்பது வயதுக் காரில் ஹோஸ் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குக் கழரும், அப்போது றோட்டில் வருகிற மனுசரின் கையிலிருந்து ஒன்றும் வாங்க முடியாத காரை வைத்துக்கொண்டு நான் உன் அம்மாவைக் கொண்டுதிரிய மாட்டேன். தவராசா எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தண்ணீரில் கலக்கிற பச்சைக் கூலன்டை, போத்தல் தண்ணீரில் கலந்து ஊற்றியிருக்கிறான். ஹோஸ்களும் கிளிப்புகளும் புதிது. ஸ்டிக்கரைக் கழற்றப் பார்த்தேன், அது நல்ல தரமான ஸ்டிக்கர், கழரவில்லை, மேலே சிவலிங்கப் படம் ஒன்று ஒட்டியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை போகும்போது அந்த வீட்டடியில் நிறுத்தினோம். அம்மா அன்றைய மூன்று கப்பில் ஒன்றை மிச்சம்பிடித்துக்கொண்டு வந்து அவர்களுடைய தண்ணீரில் அந்த ஒரு கப்பைக் குடித்தார். மூக்கன் அண்ணையின் மனுசி வடிவம்மா தேத்தண்ணி போட வெளிக்கிட்டார், அம்மாவுக்குத் தண்ணீர் அளவு என்று நான் சிறுநீரக வருத்தத்தைச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு மூக்கன் அண்ணை உள்ளே போய் இரண்டு பூசணிக்காய் கொண்டுவந்து காருக்குள் வைத்தார். பூசணி அம்மாவுக்கு ஆகாது, நான்தான் மூன்று நாளாகச் சாப்பிடுகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நீடூழி வாழ வேண்டும். குளிரில் தலை நனையாதே. செந்தூரனிடம் கூலன்ட் கொடுத்துவிடாதே, சொக்லேற் கொடுத்துவிடு, அந்தப் பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை. இந்த ஞாயிறு போன் எடுக்கும்போது நிறையைப் பற்றி அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே. ஏச வேண்டுமென்றால் என்னை ஏசு. அந்தச் செம்புத் தண்ணீரை நான் குடித்திருக்கலாம். எனக்கு அளவு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
பரமலிங்கம்